ஊத்துமேட்டை இழுத்த வண்டி

ராசாங்கத்தின் வண்டி சேற்றில் வழுக்காமல் போக ஆரம்பித்த வருஷத்தில்தான் ஊத்துமேடு மலையை விட்டு இறங்கத் தொடங்கியது. இறங்கியது என்றால் மண் சரிந்தோ பாறை உருண்டோ அல்ல. வீடுகள், வீட்டுக்குள் சுருட்டி வைத்த பாய்கள், அடுப்பில் கொதித்த உலை, கொடியில் காய்ந்த துணி, காளி கோவில், கோவில் வாசலில் படுத்திருந்த செவலை நாய் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே, அந்த நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காத அளவுக்கு மெதுவாக, ஊர் டவுனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊத்துமேட்டுக்காரர்கள் இதைப் பற்றி ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை. நல்லது நடக்கும்போது யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

அதற்கு முந்தின மழைக்காலத்தில் ராசாங்கத்தின் பெண்டாட்டி பவுனு பாதி மலையில் செத்துப்போனாள். தலைப்பிரசவம். ஊரில் அவனிடம் மட்டும்தான் பிக்கப் வண்டி இருந்தது. காலையில் பீன்ஸும் காப்பிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு இறங்குவான், சாயங்காலம் ரேஷன் அரிசியும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு ஏறுவான், யாருக்கு எந்த அவசரம் என்றாலும் அவன் வண்டிதான். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய வண்டி, அவன் வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு போனபோது வழுக்குப்பாறை வளைவில் நின்றுவிட்டது. இடது பின்சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது, வலது பின்சக்கரம் நல்ல பாறையில் நின்றிருந்தது. அவன் எவ்வளவு மிதித்தும் சேற்றில் கிடந்த சக்கரம் மட்டும் வெறிபிடித்த மாதிரி சுற்றியதே தவிர, பாறையில் கால் ஊன்றிய சக்கரம் எனக்கென்ன என்று அசையாமல் நின்றது.

பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் பவுனுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆத்தா வெள்ளத்தாயி உட்கார்ந்திருந்தாள். சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டு, "ஆத்தா, வண்டி ஓடுதா?" என்று பவுனு கேட்டாள். "ஓடுதுடி தங்கம்" என்றாள் வெள்ளத்தாயி. வண்டி ஓடுகிறது என்று நம்பிக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

அதற்குப் பிறகு ராசாங்கம் வெகுநாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வண்டியைத் தொடவில்லை. அழுதானா என்றால் அழுதான், ஆனால் அழுகையைவிட அவனை அதிகம் தின்றது சேற்றில் சக்கரம் வெறுமனே சுற்றிய அந்தச் சத்தம்தான். மழை ஓய்ந்ததும் வண்டியை மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போய், பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த அப்பாஸ் பாய் முன்னால் நிறுத்தினான்.

"நல்லாருந்த சக்கரம் ஏன் பாய் சுத்தல?" என்று கேட்டான்.

பாய் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. பின்அச்சுக்கு நடுவில் குடம் மாதிரித் தொங்கிய இரும்பை ஸ்பேனரால் தட்டினார்.

"இது டிஃபரன்ஷியல். வளைவுல ஒரு சக்கரம் கூட ஓடணும், ஒண்ணு கொறைய ஓடணும், அதப் பங்கு வச்சுக் குடுக்கிறது இதோட வேலை. ஆனா ஒரு கெட்ட குணம் இருக்கு. எந்தச் சக்கரம் லேசா சுத்துதோ அதுக்கே எல்லாத்தையும் குடுத்துரும். பாரத்தத் தாங்கி நிக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"இந்தக் கொணம் இல்லாதது இருக்கா?"

"பூட்டு வச்சது இருக்கு. போட்டுட்டா ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும். ஒண்ண விட்டுட்டு ஒண்ணு போகாது."

"அதப் போடுங்க பாய்" என்றான் ராசாங்கம். ஒன்றை விட்டுவிட்டு ஒன்று போகாது என்று பாய் சொன்னது அவனுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. பாய் தன் குடோனில் தேடி ஒன்றை எடுத்து வந்தார். ராணுவ வண்டியில் இருந்து கழற்றியது என்று சிலர் சொன்னார்கள், கப்பலில் வந்தது என்று சிலர் சொன்னார்கள், எங்கிருந்து வந்தது என்று பாய்க்கே தெரியாது. பல்சக்கரங்களைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, பூட்டிக் கொடுத்தார்.

வண்டி அன்றைக்கு மலை ஏறியதைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். முந்தின நாள் பெய்த திடீர் மழையில் வழுக்குப்பாறை வளைவில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, சேறு முழங்கால் ஆழம் கிடந்தது, வண்டி ஒருமுறை உறுமிவிட்டுக் கட்டெறும்பு சுவரில் ஏறுவது போல் ஏறிவந்துவிட்டது. சக்கரம் பாதையைக் கவ்விய கவ்வலில் பாதை கொஞ்சம் பின்னால் போயிற்று, பாதையின் மேல்முனையில் இருந்த ஊர் கொஞ்சம் முன்னால் வந்தது. இறங்கும்போதும் அப்படித்தான், அப்போது அது டவுனை மேலே இழுத்திருக்க வேண்டும், ஆனால் டவுன் கனமானது, பெரிய பெரிய கட்டடங்கள் உள்ளது, அது அசைந்து கொடுக்கவில்லை. ஊத்துமேடு லேசான ஊர், வந்துவிட்டது. வெயில் நாளில் ஒரு நடைக்கு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் மிச்சமாயிற்று. மழை நாளில், சக்கரம் ஆழமாகக் கவ்வும்போது, அதைப்போலப் பல மடங்கு மிச்சமாயிற்று.

முதலில் கண்டுபிடித்தது பால் ஊற்றுகிறவர்கள்தான். டவுன் போய்ச் சேர்வதற்குள் திரிந்துகொண்டிருந்த பால் திரியாமல் போய்ச் சேர்ந்தது. பிறகு, ஏற்றம் மூச்சு வாங்குகிறது என்று வாரத்தில் பாதி நாள் வராமல் இருந்த வாத்தியாருக்குச் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. இந்த மலைக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன அடிவாரத்துக்காரர்கள் தாங்களாகவே ஜாதகத்தோடு ஏறி வந்தார்கள். ராத்திரியில் டவுன் விளக்குகள் பெரிதாகத் தெரிந்தன, சினிமா கொட்டகையில் படம் விடுகிற மணிச்சத்தம்கூடக் காதில் விழுகிறது என்று விடலைகள் சொல்லிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மொக்கைச்சாமி, இதெல்லாம் தான் கலெக்டரிடம் மனு கொடுத்ததால் நடந்தது என்று கொஞ்சநாள் சொல்லிப் பார்த்தார், யாரும் நம்பவில்லை, விட்டுவிட்டார்.

குளிர் போயிற்று. கம்பளிகளை உதறி மடித்துப் பரணில் போட்டார்கள், அதுவரை ஊர் பார்த்திராத கொசுக்கள் வந்தன, ஆரஞ்சு மரங்கள் காய்க்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றுவிட்டு, கடைசியில் வேண்டாம் என்று முடிவெடுத்தன. அதற்கென்ன, தக்காளி போடலாம் என்றார்கள், தக்காளி போட்டார்கள். தேள் கொட்டியவன், மாடு முட்டிக் குடல் சரிந்தவன், வலிப்பு வந்த குழந்தை என்று ஒவ்வொருவராக ராசாங்கத்தின் வண்டியில் இறங்கிப் போய் உயிரோடு திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் பவுனுவை நினைத்துக் கண்ணீர் விட்டார்கள், அவளால்தான் எங்கள் பிள்ளை பிழைத்தது என்றார்கள். ராசாங்கத்துக்கு அதைக் கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

தூரம் என்பது கரைந்து போகிற பொருள் அல்ல என்பது மொக்கைச்சாமியின் சித்தப்பா இறந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊத்துமேட்டின் சுடுகாடு ஊருக்கு மேற்கே, டவுனுக்கு நேர் எதிர்த் திசையில், இரட்டைப்பாறைக்கு அப்பால் இருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே பாடையைச் சாய்த்துத்தான் கொண்டுபோக முடியும், வண்டியோ மாடோ அந்தப் பக்கம் போக வழியில்லை. கிழவரைத் தூக்கிக்கொண்டு காலையில் புறப்பட்டவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தார்கள், கொட்டுக்காரர்கள் அடித்துக் கை ஓய்ந்து தப்பு மேளத்தை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டார்கள், எப்போதும் ஒரு பாட்டு ஒப்பாரி முடிவதற்குள் வந்துவிடுகிற சுடுகாடு உச்சி வெயில் தாண்டியும் வரவில்லை. டவுனுக்கும் ஊருக்கும் நடுவே குறைந்த தூரமெல்லாம் ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே போய்ப் படுத்திருந்தது.

ஊத்துமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக்கு அமாவாசை, செத்தவர்களின் குழிமேட்டில் கேப்பைக் கூழ் ஊற்றுவார்கள். ஊற்றியது போக மீதிக் கூழைச் சுமந்து திரும்பி வந்து, விளக்கு வைப்பதற்குள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் இரட்டைப்பாறைக்கு அப்பால் இருப்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்து ஆள், செத்தவர் கணக்குத்தான். அவருக்கு இந்தப் பக்கத்தில் உலை வைப்பதில்லை. அவர் சாப்பிடுகிற வட்டிலைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

ஆகவே ஊர் கூடிப் பேசியது. அதிகம் பேசவும் இல்லை. குலசாமி கோவில் தூரமாக இருந்தால் பிடிமண் எடுத்து வந்து பக்கத்தில் ஒரு கோவில் கட்டிக்கொள்வது போல, பழைய சுடுகாட்டில் அவரவர் குழிமேட்டிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, டவுன் போகிற பாதையோரமாக ஒரு புதுச் சுடுகாடு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நல்ல நாள் பார்த்து எல்லோரும் விடியுமுன் போனார்கள், மஞ்சள் துணியில் அவரவர் அப்பனையும் ஆத்தாளையும் ஒரு பிடி முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக இருட்டுவதற்குள் வந்தார்கள். ராசாங்கமும் மஞ்சள் துணி வாங்கி வைத்திருந்தான். வெள்ளத்தாயி அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"பிடிமண்ணு சாமிக்குத்தான்யா. சாமி எங்க கூப்ட்டாலும் வரும். எம்மக அப்படியா? பாதி மலையில இருந்து ஒருக்கா அவளத் தூக்கியாந்து படுக்க வச்சோம். இன்னொருக்காத் தூக்க விட மாட்டேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அதன் பிறகு அமாவாசைதோறும் இரட்டைப்பாறையைத் தாண்டிப் போனது மாமியாரும் மருமகனும் மட்டும்தான். போகப்போக இருட்டோடு புறப்பட வேண்டியதாயிற்று. போகிற வழியில் முன்பு இல்லாத புல்வெளிகளும் பேர் தெரியாத ஓடைகளும் முளைத்திருந்தன. குழிமேட்டைத் தொட்டதும் உட்காரக்கூட நேரமில்லாமல் கூழை ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும், அவளோடு நாலு வார்த்தை பேச முடியாது. வெள்ளத்தாயிக்கு முட்டி வீங்கிப்போயிற்று. அவள் ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

ராசாங்கம் ஒருமுறை, யாரோ சொன்னார்கள் என்று, மலை முழுக்க வண்டியை ரிவர்ஸில் ஏற்றிப் பார்த்தான். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் மறுபடி அப்பாஸ் பாயிடம் போனான். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது போல் தாடியைத் தடவினார்.

"ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல பங்கு வச்சுக்கிட்டிருந்தத நாம பூட்டிட்டோம். பங்கு எங்க போகும்? வெளிய போய்ப் பிரிச்சுக்குது. ஒரு பக்கம் கொறைச்சா ஒரு பக்கம் கூடத்தான் செய்யும். கழட்டிரவா?"

"கழட்டுங்க பாய்."

பாய் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அடியில் படுத்துக்கொண்டு, அச்சு இலகுவாக இருக்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். தரையில் படாமல் அது காற்றில் சுற்றிய சத்தம் கேட்டதும் ராசாங்கத்துக்கு வழுக்குப்பாறை வளைவு ஞாபகம் வந்துவிட்டது. பிறகு, "வேண்டாம் பாய், எறக்கிருங்க" என்றான்.

அதற்கப்புறம் வந்த ஐப்பசி அமாவாசைக்கு முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. அமாவாசைகளில் மட்டும் வண்டியை எடுப்பதில்லை என்று ராசாங்கம் வைத்திருந்தான், ஊரும் அதை மதித்தது. "நா பைய நடந்து முன்னால போறேன், நீ கூழக் கட்டிக்கிட்டு வந்து சேரு" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வெள்ளத்தாயி அமாவாசையன்று பின்னிரவிலேயே புறப்பட்டுப் போனாள். விடிகிற நேரத்தில், ராசாங்கம் கூழ்ச்சட்டியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது மொக்கைச்சாமி வந்து வாசலில் நின்றார். மழையில் நனைந்துகொண்டே நின்றார், உள்ளே வரவில்லை.

"என்ன தலைவரே?"

அவருக்குப் பின்னால் வந்த, ஊருக்குப் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மாதான் சொன்னாள். மொக்கைச்சாமியின் மகள் செவந்திக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டும் பிழைக்காது. ஊர் எவ்வளவோ இறங்கி வந்திருந்தாலும் வழுக்குப்பாறை வளைவு மட்டும் சுருங்காமல் டவுனுக்கும் ஊருக்கும் நடுவே அப்படியே கிடந்தது, மழையில் அதைத் தாண்டுகிற வண்டி அவனுடையது ஒன்றுதான்.

"அத்தை அந்தப் பக்கம் போயிருக்காங்க" என்றான் ராசாங்கம்.

"தெரியும்ப்பா" என்றார் மொக்கைச்சாமி. அவர் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். மழை நாளில் ஒரு நடை போனால் பாறைக்கு அப்பால் தூரம் எவ்வளவு கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழவியால் அந்த முட்டியோடு விளக்கு வைப்பதற்குள் அதைக் கடக்க முடியாது என்பதும் தெரியும். இளவட்டங்கள் சிலர் இரட்டைப்பாறை வரை ஓடிப்போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆளும் தெரியவில்லை குரலும் இல்லை என்று திரும்பி வந்தார்கள். மொக்கைச்சாமியின் வீட்டிலிருந்து செவந்தி கத்துகிற சத்தம் வந்தது.

ராசாங்கம் கூழ்ச்சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தான்.

வழுக்குப்பாறை வளைவில், தான் மூன்று வருஷமாகக் கும்பிட்டுவரும் எல்லாச் சாமியையும் அவன் வேறுவிதமாகக் கும்பிட்டான். சக்கரம் ஒருமுறை வழுக்கிவிடாதா, ஒரு சாண் வழுக்கினாலும் ஒரு சாண் தூரம் அத்தைக்கு மிஞ்சுமே என்று நினைத்தான், நினைத்த மறுநொடியே பின்னால் செவந்தி அனத்துவது கேட்டு, வழுக்கிவிடக் கூடாதே என்று நடுங்கினான். சக்கரம் வழுக்கவில்லை. இரண்டும் ஒன்றாகச் சுற்றின, சேற்றுக்கு அடியில் இருந்த பாறையையே கவ்வின. தன் முதுகுக்குப் பின்னால் மலை முழுக்க நீண்டுகொண்டே போவது அவனுக்குத் தெரிந்தது. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினான், மொக்கைச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை வைத்துக்கொண்டே வந்தார்.

பிள்ளை பிறந்த செய்தியை ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து சொன்னதும் ராசாங்கம் நிற்கவில்லை. வண்டியை டவுனிலேயே போட்டுவிட்டு, இன்னொரு நடை ஓட்டக் கூடாதென்று, நடந்தே மலை ஏறினான். ஊரை அவன் தொட்டபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக இரட்டைப்பாறை இடுக்கில் போய் நின்றான். அந்தப் பக்கம் சுடுகாடு இல்லை, சுடுகாட்டுக்குப் போகிற மேடும் இல்லை. மலைக்குப் பின்னால் மலையாக, அவன் பிறந்ததிலிருந்து பார்த்திராத மலைகள் வரிசையாக நின்றன. அவன் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினான்.

"அத்தே... செவந்திக்குப் பிள்ள பெறந்திருச்சு. ரெண்டு உசுரும் நல்லாருக்கு அத்தே..."

ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்கு வைத்தார்கள். யாரோ வந்து அவன் கையைப் பிடித்து இந்தப் பக்கம் அழைத்துக்கொண்டார்கள்.

வழக்கப்படி மறுநாள் வெள்ளத்தாயியின் வட்டிலைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்ப்பதற்கு உரிய பெண்கள் வந்தார்கள், வட்டிலைக் கழுவினார்கள், துடைத்தார்கள், நிமிர்த்தியே வைத்துவிட்டுப் போனார்கள். ராசாங்கம் ஒவ்வொரு அமாவாசைக்கும் கூழோடு பாறையைத் தாண்டிப் போனான், உச்சிப்பொழுது வரை நடந்து, அந்த இடத்திலேயே கூழை ஊற்றிவிட்டுத் திரும்பினான். மற்ற நாட்களில் அவசரம் என்று யார் வந்து நின்றாலும் வண்டியை எடுத்தான். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஊர் அடிவாரத்துக்கு வந்துவிட்டது, டவுன் பஸ் நாளுக்கு ஒருமுறை வாசல் வரை வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று, அவசரத்துக்கு மட்டும் இன்னும் அவன் வண்டிதான்.

செவந்தியின் பிள்ளை தவழ்ந்து வாசப்படி தாண்டுகிற பருவத்தில், ஒருநாள் காலையில் மேற்கேயிருந்து ஒரு குரல் வந்தது. அப்போது ராசாங்கம் வண்டியில் உட்கார்ந்திருந்தான், பின்னால் காய்ச்சல்காரன் ஒருவன் படுத்திருந்தான். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குழாயை மூடினார்கள். குரல் நடந்து நடந்து தேய்ந்து போயிருந்தது, ஆனாலும் வெள்ளத்தாயியின் குரல்தான், எவருக்கும் சந்தேகமில்லை.

"ஏய்யா... ஆம்பளப் பிள்ளயா, பொம்பளப் பிள்ளயா?"

ராசாங்கம் வண்டியை விட்டு இறங்கி ஓடினான். அந்தக் குரல் எப்போது புறப்பட்டது, அவன் கத்தியது காதில் விழுந்த அன்றைக்கே அவள் அனுப்பியதா, கேட்டவள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறாளா என்பதையெல்லாம் அவன் யோசிக்கவில்லை, யோசித்தவர்கள் அவனிடம் சொல்லவில்லை. பாறை இடுக்கில் நின்று, நரம்பு புடைக்கக் கத்தினான்.

"பொம்பளப் பிள்ள அத்தே... பொம்பளப் பிள்ள..."

மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஏதோ சொல்ல வேண்டுமே என்று தவித்து, எந்த வீட்டிலும் யாரும் யாரையும் கேட்கிற அந்த ஒன்றைத்தான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

"சாப்பிட்டீங்களா அத்தே?"

பிறகு திரும்பி வந்து, காய்ச்சல்காரனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு, இந்த ஒரு நடைக்கு அந்தப் பதில் போக வேண்டிய தூரம் இன்னும் எவ்வளவு கூடும் என்று தெரிந்தே வண்டியைக் கிளப்பினான்.